ஆறாவது பாட்டில் சுருதி இறங்கிய இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறாயா, இல்லை வழக்கம்போல மேலட்டையைப் படித்துவிட்டு "பொய்" என்று மூடி வைத்துவிட்டாயா?

ஒரு நல்ல செய்தி. முகத்தில் வெள்ளி பூசிப் பாடிய நம் வெள்ளிக்காரரின் அந்தப் பழைய மேடைக் கச்சேரி இசைத்தட்டைக் கம்பெனி மறுபடியும் வெளியிடுகிறது. ஒலியைச் சுத்தம் செய்து, பளபளக்கும் புது உறையில். உறைக்குள் வைக்கும் குறிப்பை எழுதுவது யார் தெரியுமா? ரசிகர் மன்றச் செயலாளர், அதாவது உன் தம்பி. என் பெயர் அச்சில் வரப்போகிறது. "கண்ணுக்கு மை பூசிக்கிட்டு ஆடுறவன் பின்னாடி போறீங்களே, உருப்படுவீங்களா?" என்று கேட்ட அப்பா இதைப் பார்க்க இல்லையே.

ஒரே ஒரு மாற்றம். ஆறாவது பாட்டில் அவருடைய காலணியின் குதி முறிந்து விழுந்தாரே, அதை எடுத்துவிட்டார்கள். அதே பாட்டை இன்னொரு ஊர்க் கச்சேரியில் பிசிறில்லாமல் பாடியிருக்கிறாராம். அந்தப் பகுதியை இங்கே ஒட்டிவிட்டார்கள். நான் கேட்டேன். ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை.

இந்த மாதக் கடைசி ஞாயிறு நம் மன்றத்தில் முதன்முதலாகப் போடுகிறோம். முன்வரிசையில் உனக்கு நாற்காலி. வந்துவிடு.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று போடவில்லை. மறதி இல்லை.

தைலம் பொய்தான்.

"ஒரே ஒரு மாற்றம்" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய். அன்று நீ என் பக்கத்தில்தான் நின்றாய், முகம் முழுக்க நான் பூசிவிட்ட வெள்ளித் தூளோடு. இறகு வைத்த சட்டையும் அந்த உயரக் காலணியுமாக அவர் தடாலென்று விழுந்தார். பின்னாலிருந்த காவலாளிகள் சிரித்தார்கள். "பொம்பளை செருப்பு போட்டா இப்படித்தான்!" என்று ஒருவன் கத்தினான். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் விட்ட வரியை நான் எடுத்துப் பாடினேன். என் தொண்டைக்கு எட்டிய இடத்தில் எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்திய தொண்டை இது. கீழேதான் போகும்.

நீ என் கையைக் கிள்ளினாய். "அக்கா, ரொம்பக் கீழ எடுத்துட்ட. நிறுத்து, மானம் போகுது!" நிறுத்தினேனா? பக்கத்தில் நின்றவள் சேர்ந்துகொண்டாள். அப்புறம் அந்த வரிசை. அப்புறம் மொத்த அரங்கமும். கிதார்க்காரர் திரும்பிப் பார்த்தார், வாசிப்பதை ஒரு நொடி விட்டார், எங்கள் சுருதிக்கு இறங்கி வந்தார். வெள்ளிக்காரர் ஒற்றைக் காலணியோடு எழுந்து நின்று, நாங்கள் வைத்த இடத்திலேயே மீதிப் பாட்டையும் பாடினார். மேலே இழுத்துக்கொண்டு போக அவரால் முடியாதா? போகவில்லை.

எனக்குச் சுருதி தெரியாது. தப்பாகத்தான் எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் தப்புக்கு ஒரு மேடையே இறங்கி வந்தது. சலவைக்கூட மேலாளர் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. அப்பா வந்ததில்லை. நீயும் வரவில்லை என்று இப்போது தெரிகிறது.

நாற்காலியை வேறு யாருக்காவது கொடு. அந்த உறையில் உன் பெயர் வந்தால் நான் உனக்கு அக்கா இல்லை.

இப்போதைக்கு,
அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

எதற்கெடுத்தாலும் உறவை முறிப்பதா? உனக்கு இது விளையாட்டாகப் போய்விட்டது. மாமா இருந்தவரை அவர்தான் உன்னைச் சமாதானப்படுத்துவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கம்பெனிக்காரர் நல்ல மனிதர். "சார், அந்த இடத்துல கூட்டம் கத்துது, சுருதி தொப்புனு விழுது. புதுசா கேக்கறவங்க மெஷின் கெட்டுப்போச்சுனு நினைக்கிறாங்க" என்றார். அவர் சொல்வதில் என்ன தப்பு? எடுத்துக் கொடுத்தவள் என் அக்காதான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை இந்த வெள்ளித் தூளைச் சொல்லி என்னை "மினுக்கு" என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிவுபசார விழாவில்கூட மேலதிகாரி அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். நான் நேசித்த ஒன்று ஒரு தடவையாவது குறையில்லாமல், யாரும் சிரிக்க முடியாதபடி வெளியே வரட்டுமே என்று நினைத்தேன். அது குற்றமா?

அந்த இடம் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, அக்கா. உன்னைத் தவிர.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

உன்னை மினுக்கு என்று சொன்னவர்களுக்காக எங்கள் குரலை வெட்டுகிறாயா? அவர்கள் இந்தத் தட்டை வாங்கக்கூடப் போவதில்லை.

யாருக்கும் ஞாபகமில்லை என்கிறாய். சரி, போட்டுப் பார். நான் வரமாட்டேன். வந்தால் நான்தான் தூண்டிவிட்டேன் என்பாய்.

கையெழுத்து வேண்டுமா? யாரென்று உனக்குத் தெரியும்.


மார்ச் 2

எப்படி விளிப்பது என்று தெரியாததால் இடம் விட்டிருக்கிறேன்.

ஞாயிறு அரங்கம் நிறைந்திருந்தது. நம் மன்றத்துப் பேருந்து ஓட்டுநர் இமையில் வெள்ளி பூசிக்கொண்டு வந்திருந்தார். பழைய சட்டையின் பொத்தான் தொப்பையைத் தாண்டி எட்டவில்லை, அதற்கெல்லாம் அவர் கவலைப்படுகிறவரா? முடிதிருத்தும் அக்காள் தங்கை இருவரும் மகள்களையும் கூட்டி வந்திருந்தார்கள். ஐந்து பாட்டும் பிரமாதம். எல்லோரும் கூடவே பாடினார்கள். கம்பெனிக்காரர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆறாவது பாட்டு. அவர் விழுந்த இடம் வந்தது. தட்டில் அவர் விழவில்லை. ஆனால் அரங்கத்தில் எல்லோரும் காலால் தரையை ஓங்கி மிதித்தார்கள், தடால்! யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. பழைய தட்டை வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். அடுத்த வரியை அத்தனை பேரும் கீழே எடுத்தார்கள். நீ எடுத்த அதே இடத்தில். தட்டு மேலே ஒரு பக்கம் போகிறது, அரங்கம் கீழே ஒரு பக்கம் போகிறது. அன்று பிறந்தே இராத அந்த மகள்களும் கீழேதான் பாடினார்கள். அவர்களுக்குப் பாட்டே அப்படித்தான்.

கம்பெனிக்காரர் பதறிப்போய், "சார், மெஷின் சரியாத்தான் ஓடுதா?" என்றார்.

"மெஷின் சரியாத்தான் ஓடுதுப்பா. தட்டுதான் தப்பு" என்றார் ஓட்டுநர்.

அமைதியாக இருங்கள் என்று சொல்லத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். வந்தது அந்த வரி. கீழே. கம்பெனிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒட்டியது ஒட்டியதுதான், இனி மாற்ற முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். என் குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உறையில் என் பெயர் வராது.

மேலே விட்ட இடத்தில் "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதிக்கொள்ளலாமா?

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

எழுதிக்கொள்.

ஆனால் குறிப்பைத் திரும்ப வாங்கியது மடத்தனம். கொண்டுபோய்க் கொடு. ஆறாவது பாட்டில் அவர் விழுந்தார், ரசிகர்கள் எடுத்துக் கொடுத்தார்கள், மேடை இறங்கி வந்தது, இந்தத் தட்டில் அதை வெட்டிவிட்டார்கள் என்று அதில் எழுது. கீழே உன் பெயரைப் போடு. மினுக்கு என்றும் சேர்த்துப் போடு. அச்சடிக்க மாட்டேன் என்றால் நாமே அச்சடித்து ஒவ்வொரு தட்டுக்குள்ளும் செருகுவோம். கடைக்காரர் சண்டைக்கு வந்தால் என்னிடம் அனுப்பு.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன். அந்த ஒட்டுப் போட்ட தட்டையே போடு. அது பாடட்டும், நாங்களும் பாடுகிறோம், யார் சத்தம் பெரிது என்று பார்க்கலாம். முழங்காலுக்குப் படி ஏற முடியாது, ஓட்டுநரை வரச் சொல். வெள்ளித் தூள் வாங்கி வை, மலிவானது வேண்டாம், அரிக்கும். உனக்கு நான் பூசிவிடுகிறேன், எனக்கு நீ பூசிவிடு.

இந்தத் தடவையும் கீழேதான் எடுப்பேன். கையைக் கிள்ளினாயோ, தெரியும் சேதி.

அக்கா