அவருக்குப் பயமில்லையாம்

இன்று காலை ருவான்வெல்லை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே கோதுமை மாப் பசையின் புளித்த வாடை. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டாருடி நம்மாளு" என்றிருப்பாய். கோழிக்கடைச் சுவர், மருந்துக்கடையின் பூட்டிய கதவு, ஒன்றையும் விடாமல் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வெள்ளை உடுப்பு, தூக்கிய தாடை, நம்மைப் பார்த்து நீட்டிய அந்த ஒற்றை விரல். கீழே சிங்களத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் 'அஞ்சாத தலைவர்' என்று போட்டிருந்தது. வயிறு எரிந்தது. வீடு வரைக்கும் எரிந்தது. முன்பெல்லாம் இப்படி எரிந்தால் உன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து கொட்டிவிட்டுப் போவேன். இப்போது யாரிடம் கொட்டுவது? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

அந்த விரலை நாம் இருவரும் கையெட்டும் தூரத்தில் பார்த்தவர்கள். நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்த வருடம் அது. ரப்பர் மரங்களுக்கு நடுவே நிலம் பிளந்து, கையை விட்டால் தோள்வரைக்கும் போனது. பலா மரம் நம் கூரையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. கேகாலையிலிருந்து ஒரு ஆபீசர் வந்துபோனார், நினைவிருக்கிறதா? ஒல்லியாக, கிழிந்த குடையோடு, பஸ்ஸில் வந்து நடந்தே மலையேறும் சிங்கள மனிதர். மழை பிடித்தால் பிள்ளைகளைக் கோயிலில் படுக்க வையுங்கள், வேறு காணிக்கு நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். மெதுவான ஆள். நமக்கு அவர்மேல் சலிப்பாகக்கூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு வந்தார். இப்போது நினைத்தால் அதுவே எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

அப்போதுதான் நாட்டின் தலைவரே நம்மைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்கியதில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் பறந்து ரப்பர் மரத்தில் போய் மாட்டியது. பக்கத்திலேயே மேடை. மொழிபெயர்க்க நீ.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் பக்கத்தில் யாருக்குத்தான் சிங்களம் தெரியாது? கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் அதுதானே. அவர் பேசுவது எல்லோருக்கும் நேராகவே விளங்கும். இருந்தாலும் பெரிய மனிதர் ஒருவர் வந்தால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது நம் வழக்கம். அது விளங்குவதற்காக அல்ல, நமக்குச் செய்யும் மரியாதை. சின்ன வயதிலேயே கேகாலையில் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்கு நின்று வந்தவள் நீ. உன் சிங்களத்தில் நம்முடைய இழுவை இருக்காது. எப்போதோ ஒரு மைக் கரண்ட் அடித்துவிட்டதென்று, அதன் கழுத்தில் உன் கைலேஞ்சித் துணியைச் சுற்றித்தான் பிடிப்பாய். அன்றைக்கும் அப்படித்தான் பிடித்தாய்.

அவர் முதலில் செய்தது அந்த ஆபீசரை மேடைக்குக் கூப்பிட்டதுதான். கமராக்கள் எல்லாம் திரும்பும்வரை பொறுத்திருந்தார். பிறகு பிடித்துக்கொண்டார் பார், நீ என்ன புடுங்கினாய், எதற்குச் சம்பளம் வாங்குகிறாய், நாளைக்கே உன் உத்தியோகத்தைப் பறிக்கட்டுமா என்று. அந்த மனிதர் கிழிந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். மைதானம் முழுக்கக் கைதட்டல். நம்மைப் பயமுறுத்துகிறவர்களை ஒருவர் பயமுறுத்துகிறார் என்று தோன்றியதே, அந்தச் சுகத்துக்கு எது ஈடு? அதற்குப் பிறகு அந்த விரல் ஆற்றங்கரைக்கு மேலே இருந்த தட்டையான நிலத்தைக் காட்டியது. அதுதான் உங்கள் இடம். மூன்று மாதத்தில் வீடு. இன்றையிலிருந்து அந்த லயத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது, இது என் கட்டளை. தடுக்கிறவன் எவனோ அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதை நீ தமிழில் சொன்னபோது அவர் குரலைவிட உன் குரல் உயர்ந்திருந்தது. "இன்னையிலேர்ந்து ஒருத்தரும் அங்க படுக்கக் கூடாது!" என்று நீ சொன்னதும் பின்வரிசையில் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

ஹெலிகொப்டர் போய்ச் சத்தம் அடங்கவில்லை, நம் சனங்கள் கூரையில் ஏறிவிட்டார்கள். எந்த ஊரிலாவது இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா? தலைவர் சொல்லிவிட்டார் என்று தன் கூரைத் தகரத்தைத் தானே கழற்றி, தலையில் சுமந்துகொண்டு போய், அவர் விரல் காட்டிய நிலத்தில் கொட்டில் போட்ட சனம் நாம்தான். நீ முன்னால் நின்று ஆணியைப் பத்திரப்படுத்தச் சொன்னாய். புது வீட்டுக்கு உதவுமாம்.

அடுத்த கிழமையே தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆட்களும் கூடவே பொலிஸும் வந்தார்கள். "ஓடர் எங்க, கடுதாசி எங்க?" என்று கேட்டார்கள். மேடையில் சொன்னார் என்றோம். மேடையில் சொல்வது ஓடர் ஆகாது, காணி இன்னும் கம்பெனியுடையது, பிரித்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கேகாலைக்குப் போய் அந்த ஆபீசரைத் தேடினால் அவரை எங்கோ தூரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் நம் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட்டால் ஏன் போட்டாய் என்று அந்த விரல் வரும், போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று வரும். அதனால் ஆபீசர் இருந்த அந்தக் கந்தோரில் எவரும் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஊரைக் கூட்டி ஒரு ஆளை அவமானப்படுத்தியதில் மற்ற எல்லோருடைய கையும் முடங்கிப்போனது. அதிகாரம் என்று அவர் காட்டியது இவ்வளவுதான்.

நாம் திரும்பி அதே லயத்துக்கு வந்தோம். கழற்றிய தகரம் நெளிந்து ஓட்டையாகிக் கிடந்தது. நீங்களாகப் பிரித்தீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தோட்டம் கையை விரித்தது. கூரைக்குப் பிளாஸ்டிக் தறப்பாள். மேலே வெடித்த மலை. நீ வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நாந்தானடி கழட்டச் சொன்னேன்."

"அவரு சொன்னாரு. நீ தமிழ்ல சொன்ன, அவ்வளவுதானே."

"எல்லாரும் எங் கொரல்லதானே கேட்டாங்க." தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாய். "டாக்டர் வீட்டு ஐயா சத்தம் போட்டாருன்னா, அன்னைக்கி அவருகிட்ட பதில் இல்லன்னு அர்த்தம். அவ்வளவு வருசம் அந்தச் சத்தத்த கேட்டவ நான். மேடையில ஏறுனதும் மறந்துட்டேன் பாரு."

தேர்தல் வந்தது, அவரும் வந்தார். அதே மைதானம், அதே ஹெலிகொப்டர். வீட்டைப் பற்றி நமக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஆனால் கேட்கிற மாதிரி ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. உன்னை மட்டும் விட்டார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. நீ போக மாட்டாய் என்று நினைத்தேன். கைலேஞ்சியைத் துவைத்துக் காயவைத்திருந்தாய்.

அவர் தொடங்கினார். வெளிநாட்டுக்காரன் மிரட்டினானாம், உள்நாட்டுத் துரோகிகள் குழி பறித்தார்களாம், எவன் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்தித் தனியாக நிற்பாராம், அவர் தாய் அவரைப் பயப்படப் பெறவில்லையாம். மேசையில் ஓங்கிக் குத்தினார். தண்ணீர்க் கோப்பை துள்ளி விழுந்தது. மூச்சு வாங்க நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். நீ மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னாய்:

"அவருக்குப் பயமில்லையாம்."

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். எல்லோருக்கும் அவர் பேசியது முழுக்க விளங்கியிருந்தது, நீ விட்டது எது என்றும் விளங்கியது. அந்த மைதானத்தில் ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்கள் அவரும் அவரோடு வந்தவர்களும்தான். சிரிப்பும் கைதட்டலுமாகக் கேட்டதும் அவர் தமக்குத்தான் என்று கையைத் தூக்கிக் காட்டினார். இன்னும் உரக்கப் பேசினார். எதிரிகளின் எலும்பை எண்ணப் போவதாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"இப்பவும் பயமில்லையாம்" என்றாய் நீ.

மேரி மாதா மேல் சத்தியம், சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. மலை வெடித்த நாளிலிருந்து நம் சனம் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு அவர் நம் பக்கம் வந்தார். இந்தத் தோட்டத்துக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டேன் என்றார். நீ மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாய்.

"நம்மளுக்கு எல்லாம் குடுத்துட்டாராம். கெடச்சவங்க கைய தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. சிரிப்பு நின்றுபோனது. நீ அவர் பக்கம் திரும்பி, கேகாலை டாக்டர் வீட்டுச் சிங்களத்தில், மரியாதையாகவே கேட்டாய். "கெவல் கவதாத, சர்?" வீடு எப்போது என்று. கூட்டம் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

அவருக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவர் கெட்டிக்காரர். சிரித்துக்கொண்டே உன் தோளில் கையைப் போட்டு, இந்த அக்கா சரியான காரம் என்று சிங்களத்தில் சொன்னார். மேடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கமராக்கள் பளிச்சிட்டன. அதற்குள் ஒருவன் மைக்கை வாங்கிக்கொண்டான். ஏழைத் தாயோடு சிரிக்கும் தலைவர் என்று அந்தப் படம் பேப்பரிலும் வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

கமரா இல்லாதபோது வந்த பதில் வேறு. மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து உன் அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மாதர் சங்கத்திலிருந்து உன்னை விலக்கினார்கள். ரப்பர் பால் வெட்ட உனக்கு மலை உச்சியில் இருந்த கிழட்டு மரங்களைக் கொடுத்தார்கள். உன் வீட்டுக்காரர் பயந்துபோய், "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று சத்தம் போட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"நான் கூட ஒண்ணும் சேத்துச் சொல்லலியே" என்றாய். "கொறச்சித்தானே சொன்னேன்."

மலை உன்மேல் விழவில்லை. அதன் அடியில், தறப்பாள் ஒழுகி ஒழுகி, நெஞ்சில் சளி கட்டிப் போனாய். கேகாலை ஆஸ்பத்திரியில் நியுமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். உன் செத்தவீட்டுக்கு அவர் பெயர் போட்ட நாடாவோடு ஒரு மலர்வளையம் வந்தது, கட்சிக்காரன் ஒருவன் ஓட்டோவில் கொண்டுவந்தான். உன் வீட்டுக்காரர் கையில் வாங்கி வைத்துக்கொண்டு முழித்தார். நான் பிடுங்கிக் கொண்டுபோய்க் கக்கூஸ் சுவரில் மாட்டினேன். ஃபாதரும் பார்த்துக்கொண்டே போனார். அதற்காக நான் பாவசங்கீர்த்தனம் செய்யவும் இல்லை.

அஞ்சாத தலைவராம். எதற்கு அஞ்சாதவர்? துப்பாக்கி பிடித்தவர்கள் முன்னும் பின்னும் நிற்க, குடை பிடிக்க ஒருவன், கதவு திறக்க ஒருவன் என்று இருந்தால் எனக்கும்தான் பயமிருக்காது. எனக்கு மழை பெய்தால் பயம். பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகிற தாய்மார் என்னிடம் விட்டுப்போகும் குழந்தைகளை மழை நாட்களில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டேயிருப்பேன். பயம் இருப்பதால்தான் எண்ணுகிறேன். அந்தக் குடைக்கார ஆபீசருக்கும் பயம் இருந்தது, அதனால்தான் ஒவ்வொரு மழைக்கும் ஓடி வந்தார். இவருக்குப் பயமே இல்லை. இருக்காதுதான், மலை விழுந்தால் இவர்மேலா விழப்போகிறது? நம் உயிரை வைத்துத் தைரியம் காட்டுகிறார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: அந்த மனிதரை நான் வெறுக்கிறேன். வெறுக்காமல் இருக்கக் கடவுளிடம் கேட்டும் பார்த்தேன், முடியவில்லை.

லயத்தில் இப்போது அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. டீவியில் அவர் வந்து மேசையைக் குத்தினால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "பயமில்லையாம்" என்று குரல் வரும், சுவர் தாண்டி மற்ற வீடுகளும் சிரிக்கும். நீ போன பிறகு பிறந்த பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. அவர் பேச்சை நம்பிக் கூரையைக் கழற்றின சனம் இனி ஒரு ஆணியைக்கூடக் கழற்றாது. அந்த அளவுக்கு நீ எங்களைத் தேற்றிவிட்டுப் போயிருக்கிறாய்.

மத்தியானம் கட்சிக்காரன் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தான். மலர்வளையம் கொண்டுவந்த அதே ஆள்.

"மேரியக்கா, ஞாயித்துக்கெழம மீட்டிங். மேடையில தமிழ்ல சொல்ல ஆளில்ல. நீங்க வரணும்."

"எனக்கு அவள மாதிரி சிங்களம் ஓடாதே, தம்பி."

"அதெல்லாம் பரவாயில்லங்க. சுருக்கமா சொன்னாலே போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன். மோட்டார் சைக்கிள் என் வாசலுக்கும் வரும். என் மகன் கொழும்பில் எந்தக் கடையில் நிற்கிறான் என்று விசாரிப்பார்கள். எல்லாம் தெரியும். உன் வீட்டுக்காரரிடம் போய் அந்தக் கைலேஞ்சியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

தமிழ் வரி என்னிடம் தயாராக இருக்கிறது, அது உன்னுடையது. சிங்களத்தைத்தான் பழக வேண்டியிருக்கிறது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, குழந்தைகள் விழிக்காத சத்தத்தில் சொல்லிப் பார்க்கிறேன்: கெவல் கவதாத, சர்? உன் வாயில் வந்த மாதிரி இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடும்.