லாரியின் வயிற்றில் ஒரு சத்தம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பட்டறைக்குப் புதுக் கூரை போட்டாயிற்று. மழை பெய்தால் இனி ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஸ்பானருமாக நிற்க வேண்டியதில்லை.

போன மாதம் மரக்கடைக்காரர் ஒரு கிழட்டு லாரியைக் கட்டி இழுத்து வந்தார். மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் வண்டி. உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று அவருக்கே தெரியவில்லை. நானும், பட்டறையில் என் வலது கையான நெட்டையனும் டீசல் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்தோம். பெயின்ட்டுக்கு அடியில் இன்ஜின் பிளாக்கில் வார்த்த எண் தெரிந்தது. அது லாரி இன்ஜினே இல்லை, படகு இன்ஜின். "அண்ணே, தண்ணியில ஓடினதத் தரையில ஓட்டியிருக்கானுங்க" என்று நெட்டையன் சிரித்தான். துறைமுகக் கடைகளில் அலைந்து பிஸ்டனும் பேரிங்கும் பிடித்தோம்.

எல்லாம் மாட்டியதும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நெட்டையன் மட்டும் முகம் சுளித்தான். "உள்ள டொக்கு டொக்குங்குது அண்ணே. இறக்கிப் பாத்துரலாம்." மரக்கடைக்காரர் பக்கத்தில் நின்றார். "எனக்குக் கேக்காத சத்தம் உனக்கு மட்டும் கேக்குதோ?" என்று அவர் முன்னாலேயே அவனை மட்டம் தட்டினேன்.

நான்தான் ஓட்டினேன், அவர்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். மேம்பாலம் ஏறும்போது பேரிங் போய், ராடு உடைந்து, பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ரோடெல்லாம் ஆயில். மரக்கடைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது தெரிந்தது. வழக்கம்போலத் தலையாட்டினேன். நெட்டையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கை துடைத்த துணியைப் பானெட்டில் போட்டுவிட்டு நடந்தான்.

மறுநாள் அவன் மனைவி பட்டறை வாசலுக்கு வந்தாள். "எங்க வீட்டுக்காரரு போல்ட்ட ஒழுங்கா முடுக்கலையான்னு மரக்கடைக்காரரு கேட்டதுக்கு, ஆமான்னு தலையாட்டினீங்களாமே!" என்றாள். எனக்காக இரண்டாம் முறை கத்திச் சொன்னாள். தெருவுக்கே முதல் முறையிலேயே கேட்டிருந்தது.

மரக்கடைக்காரரிடம் போனேன். "தப்பு என்னுது. எனக்குக் காது கேக்கல" என்றேன். அங்கிருந்து நெட்டையன் வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன். அவன் கதவைத் திறந்தான், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிட்டான். பிளாக்கின் ஓட்டைக்கு இப்போது ஒட்டுப் போடுகிறான். என்னைக் கூப்பிடத் தோளைத் தட்டுகிறான். மெதுவாகத்தான் தட்டுகிறான், எனக்குத்தான் சுடுகிறது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு போனில் நீ ஏதோ கேட்டாய். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டேன். யார் எது கேட்டாலும் நான் சொல்லும் பதில் அது. "பிள்ளையைக் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடவாப்பா?" என்று நீ கேட்டாயாம். அம்மா நேற்றுதான் சொன்னாள், என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அழுதுகொண்டே.

அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கமாட்டேன். மாடி அறையை ஒழித்துவிட்டோம். உனக்கு என்றதும் நெட்டையனே வந்து கட்டிலைத் தூக்கிப் போட்டான்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பிள்ளையோடு கிளம்பி வா, தாயே.

உன்
அப்பா