திரைக்கு வெளியே நின்றவர்கள்

இன்று பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போது கையில் இரும்பு வாசனை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கம்பி பிடித்த கை அப்படித்தான் என்று நீ சொல்வாய். விடுதித் தயிர்சாதத்துக்கு உனக்கு அந்த வாசனைதான் ஊறுகாய் என்று சிரிப்பாய். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நைனார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நானும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கியிருந்த நீயும் அந்தப் பொது ஜிம்மில்தான் பழகினோம். இரண்டு வீட்டிலும் முதல் பட்டதாரிகள் நாம்தான். இரண்டு பேருக்கும் போலீஸ் வேலைதான் கனவு. எழுத்துத் தேர்வு தாண்டியாயிற்று. அடுத்தது உடல்திறன் தேர்வு. அதில் இரும்புக் குண்டு எறியத் தோளில் பலம் வேண்டும்.

முதல் நாள் நான் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். படுத்துக்கொண்டு பளு தூக்குகிற பெஞ்சு அங்கே ஒன்றுதான். அதில் ஒருவர் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வாய் வராமல் திரும்பிவிடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் நீ வந்து அவர் பக்கத்தில் நின்றாய்.

"அண்ணா, இன்னும் எத்தன செட்டு?"

"இருக்குதும்மா."

"இருக்கட்டும். நடுவுல நாங்க ஒண்ணு போட்டுக்கறோம். நீங்க எழுந்து நின்னுக்கினே போன் பாருங்க."

அவர் எழுந்தார். பெஞ்சு முழுக்க வியர்வை. நீ முகம் சுளிக்கவில்லை. "தொடச்சிட்டுப் போங்கண்ணா. ஒங்க வூட்டுப் பாய் இல்ல இது" என்றாய். சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே தன் துண்டால் துடைத்தார். என்னைக் கேட்காமலே 'நாங்க' என்று சேர்த்துக்கொண்டாயே, அதற்காகத்தான் மறுநாளும் வந்தேன்.

முடித்தவுடன் எடைத்தட்டுகளைக் கழற்றி வைக்காமல் நீ போனதே இல்லை. ஆண்கள் பெரிய தட்டுகளை மாட்டியபடியே விட்டுப் போயிருந்தால் அதையும் கழற்றுவாய். ஒரே பக்கம் கழற்றினால் கம்பி சாய்ந்துவிடும் என்று நாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மாற்றி மாற்றிக் கழற்றுவோம். "நமக்கு அப்பறம் யாரு வருவாங்கன்னு தெரியாதுடி. உன்ன மாதிரி ஒருத்தி வந்து பாத்துட்டு, தூக்க முடியாம வூட்டுக்குப் போய்ட்டான்னா?" என்பாய்.

இன்னொன்றும் சொன்னாய். தலைமாட்டில் ஒருத்தி நிற்காமல் கம்பிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. நிற்பவளின் கை கம்பியை ஒட்டிக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. தொட்டால் தூக்குகிறவளுக்கு அசிங்கம் என்றாய்.

நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பெண்களுக்கு மட்டும் என்று வாங்கிக் கொடுத்ததும் நீதான். ஆட்கள் கம்பிக் கதவின் வழியே வேடிக்கை பார்க்கிறார்கள் என்று இரண்டு பெண்கள் வராமல் நின்றுவிட்டார்கள். நீ வாட்ச்மேன் அண்ணனிடம் பேசி, கதவுக்குக் குறுக்கே ஒரு பழைய கல்யாண பேனரைக் கட்ட வைத்தாய். பெண்ணும் மாப்பிள்ளையும் தெருவைப் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளே நமக்கு அதன் வெள்ளை முதுகு.

முதல் வாரம் ஒருவர் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலுக்காகப் பேனரைத் தூக்கினார். நீ வாசலை மறித்து நின்றாய். "பாட்டில நான் எடுத்துத் தர்றேன். அஞ்சு மணி வரைக்கும் இந்த பேனர எந்த ஆம்பளயும் தூக்கக் கூடாது. உள்ள இடியே வுழுந்தாலும் சரி." அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு ஒருவரும் தூக்கியதில்லை. இதை அவர்களுக்காகவும் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அது நடந்த அன்று முகூர்த்த நாள். மற்ற பெண்கள் கல்யாணங்களுக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தால் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று வந்தது. நான் போனபோது பேனருக்கு வெளியே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஐந்து மணிக்காகக் காத்திருக்கிறவர்கள். வாட்ச்மேன் அண்ணன் எதிர்த் தையல் கடையில் ஒரு அம்மாவிடம் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பயந்துபோய் நகரவில்லை.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். "நல்லவேள வந்துட்டம்மா. உள்ள சத்தம் கேட்டுது. கூப்ட்டா பதில் இல்ல. இன்னான்னு பாரும்மா" என்றார் ஒருவர். முதல் நாள் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தவர்தான் அவர்.

முதலில் இரும்பு விழுந்த சத்தமாம். பிறகு குதிகால் தரையில் அடிக்கிற சத்தமாம். அது நின்ற பிறகு அவர்கள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்களாம்.

கம்பி உன் கழுத்தின்மேல் கிடந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. "உள்ள வாங்க" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. வந்தார்கள். வந்தும் ஒருவர் உன் பனியன் மேலே ஏறியிருப்பதைப் பார்த்து, தன் துண்டை எடுத்து முதலில் உன்னைப் போர்த்தினார். "மொதல்ல கம்பிய தூக்குங்கண்ணா" என்றேன். தூக்கினார்கள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. வந்து ஒன்றும் ஆகவில்லை.

ஏன் ஆளில்லாமல் படுத்தாய்? நமக்கு இருப்பதே ஒரு மணி நேரம், அது போகிறதே என்றா? நான் எப்படியும் வந்துவிடுவேன் என்றா? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். நீ ஒருத்திதான் பதில் சொல்ல முடியும்.

மலையில் உன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உன் அம்மா அழுது ஓய்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பக்கத்துல ஆருமே இல்லியாம்மா?"

"வெளிய இருந்தாங்கம்மா."

"எத்தினி பேரு?"

"நாலஞ்சி பேரு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தினி பேரு இருந்தாங்களா" என்றார்.

குண்டு எறிகிற நாளன்று நான் தனியாகப் போனேன். தேறவில்லை. அடுத்த தேர்வுக்காகத் திரும்ப ஜிம்முக்குப் போனபோது வாசலில் பேனர் இல்லை. இனிமேல் லேடீஸ் டைம் வேண்டாம், பெரிய வம்பு என்றார் வாட்ச்மேன் அண்ணன். நீ இருந்திருந்தால் என்ன பேசியிருப்பாய் என்று யோசித்து யோசித்து மூன்றாம் நாள் பேசினேன். நேரமும் இருக்கட்டும், பேனரும் இருக்கட்டும், சத்தம் கேட்டால் மட்டும் வெளியே இருக்கிறவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் உள்ளே வரட்டும் என்றேன். அவர் பேனரைத் திரும்பக் கட்டினார். இப்போது தினமும் நாலு மணிக்கு, வெளியேறுகிற ஆண்களிடம் அதையே சொல்கிறேன்.

"அப்பறம் எங்களத்தான தப்பா சொல்லுவாங்க?" என்றான் ஒரு இளைஞன்.

"யாராவது சொன்னா நான் வந்து பேசறேன். நீங்க உள்ள வாங்க" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

இன்று புதிதாக வந்த ஒரு பெண் தட்டைக் கழற்றும்போது கை நழுவிக் கீழே போட்டுவிட்டாள். தரையே அதிர்ந்தது. சத்தம் அடங்குவதற்குள் பேனரை விலக்கிக்கொண்டு மூன்று பேர் செருப்புக் காலோடு உள்ளே நின்றார்கள். பெஞ்சைத் துடைத்தவர்தான் முன்னால். மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சைத்தான் பார்த்தார். அது காலியாக இருந்தது. "ஒண்ணுமில்லண்ணா" என்றேன். திரும்பிப் போனார்கள்.

வாசலிலிருந்து பெஞ்சுக்கு அவ்வளவு தூரம்தான். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவளைப் படுக்கச் சொல்லிவிட்டுத் தலைமாட்டில் போய் நின்றேன். அவள் தூக்கி முடிக்கும் வரை என் கை கம்பியை ஒட்டிக் கீழேயே இருந்தது. தொடாமல் இருக்க வேண்டும் என்பாய். இன்று தொட்டுவிட்டேன்.