எங்களுக்கும் துடக்கு

பக்கத்து வீட்டில் காயம் வறுக்கிறார்கள். மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் சட்டியில் சூடேறி, அந்தக் காரம் மதில் தாண்டி வந்து எனக்கு மூன்று தும்மல் போட வைத்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு முந்தநாள் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காயம் குழைத்த பத்தியச் சோறு. மணம் வந்த நேரத்திலிருந்து நான் கதிரையில் இருக்கவில்லை. முற்றத்துக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். “உங்கடை காலுக்கு ஆரோ சில்லுப் பூட்டி விட்டிருக்கினம்” என்று நீர் சொல்வீரே, எழுபத்தெட்டு வயதாகியும் அந்தச் சக்கரம் கழலவில்லை. நடந்து அலுத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நீர் போய் மூன்று வருஷமாகிறது. செத்த மனிசிக்குக் கடிதம் எழுதுகிறவனை விசரன் என்று யாரும் சொன்னால் சொல்லட்டும்.

எண்பத்து நாலாம் ஆண்டு. உம்மோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருத்தி மலைநாட்டு ஆசுப்பத்திரி ஒன்றில் நேர்ஸாக இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண். ஏற்கெனவே நாலு பிள்ளைகள். புருஷன் செத்து ஐந்து மாதம். வயிற்றில் இருப்பதை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுங்கள் என்று அவளே கேட்டிருக்கிறாள். இந்தக் கிழமை பிறக்கும், விருப்பமென்றால் உடனே புறப்பட்டு வாருங்கள் என்று சிநேகிதி எழுதியிருந்தார்.

நமக்குக் கலியாணமாகிப் பதினொரு வருஷம். வைக்காத நேர்த்தி இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. இருந்தும் கடிதத்தை வாசித்ததும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கேள்விகள். அவர்கள் என்ன ஆக்கள்? தாய்க்கு நோய் நொடி உண்டா? நீதிமன்றத்தில் என்ன சொல்வார்கள்? வழியில் ஆமி மறித்தால்? கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒருவர் சீனி கேட்டு வந்தால், சீனி ஏன் பிந்தி வந்தது என்ற வரலாற்றையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிற மனேச்சர் நான். நீர் ஒன்றும் கேட்கவில்லை. பயணப்பையில் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தீர்.

“கொஞ்சம் யோசிச்சுச் செய்வமே?” என்றேன்.

“பதினொரு வருஷம் யோசிச்சது காணாதே?” என்றீர்.

வெளிக்கிடும் காலையில் கண்ணாடிக்கு முன் நின்று நெற்றிப் பொட்டை நீரே அழித்தீர். முந்தின ஆடியில் தெற்கில் தமிழருக்கு நடந்தவை நடந்து பத்து மாதமும் ஆகவில்லை. பொட்டோடு அந்தப் பக்கம் போக எல்லாருக்கும் பயம். கோயிலுக்குப் போகும்போது குங்குமம் கொஞ்சம் சரிந்தாலும் திரும்பி வந்து திருத்துகிற ஆள் நீர். அன்று வெறும் நெற்றியோடு திரும்பி, “நடவுங்கோ” என்றீர்.

பிள்ளை பிறந்து ஆறாம் நாள்தான் நமது கைக்கு வந்தது. பெண் பிள்ளை. சிநேகிதி பிடித்துக் கொடுத்த வழக்கறிஞர் மனுப் போட்டு, வழக்கு முடியும்வரை பிள்ளை எங்களிடம் இருக்கலாம் என்று முத்திரை குத்திய கடுதாசி ஒன்று எடுத்துத் தந்தார். அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கொரு தடவை தொட்டுப் பார்த்தேன். அந்தத் தாய் கட்டில் ஓரத்தில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அழவில்லை. பிள்ளையை உமது மடியில் வைத்துவிட்டு, “அழுதா காக்க வைக்காதீங்கம்மா. சுருக்கா பாலக் குடுத்துருங்க. இது பொறுக்காது” என்றாள்.

“பேர் ஏதும் நினைச்சு வைச்சிருக்கிறீங்களோ?” என்று நீர் கேட்டீர்.

“நீங்களே வைங்கம்மா. நான் வச்சா, எனக்குக் கூப்பிடத் தோணும்.”

அதற்குப் பிறகு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து விறாந்தையில் அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கலுக்கு நடந்தேன். நீர் எப்படி அவளிடமிருந்து எழுந்து வந்தீர் என்று நான் கேட்கவுமில்லை, நீர் சொல்லவுமில்லை.

பொல்காவலையில் ரெயில் மாறி வடக்கே வந்தோம். பிள்ளை உமது மடியில். சுடுதண்ணீர்ப் போத்தலும் பால்மாப் பேணியும் என்னிடம். பிள்ளை சிணுங்கினால் போதும், நான் பால் கரைக்கக் கிளம்பிவிடுவேன். ரெயில் குலுக்கலில் பாதிப் பால்மா என் வேட்டியில். எதிரே இருந்த ஒரு அம்மா, “தேப்பனுக்குத்தான் கனக்கப் பதட்டம்” என்று சிரித்தார். நான் உடனே, “இல்லையம்மா, இது எங்கடை பிள்ளையில்லை, தத்தெடுத்துக்கொண்டு வாறம்” என்று முழுக்கதையையும் தொடங்கிவிட்டேன். நீர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்.

ஆனையிறவு இராணுவ முகாமடியில் ரெயிலை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசை. ஒரு இளம் சிப்பாய் பிள்ளையைக் காட்டி, அரைத் தமிழில், “உங்க பிள்ளையா?” என்று கேட்டான். நீர் தலையாட்டினீர். அவன் சரியென்று கையைக் காட்டினான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. நான் கடுதாசியை எடுத்து நீட்டினேன். இது எங்களுடையது இல்லை, முறைப்படி எடுத்தது, முத்திரை இருக்கிறது, பாருங்கள் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. எங்களைப் பக்கத்தில் தனியே நிறுத்தினார்கள். கடுதாசி கை மாறி உள்ளே போனது. பிள்ளை வீறிட்டு அழுதது. பால் கரைக்கக் கீழே குனிந்த என்னை அதட்டி நிமிர்த்தினார்கள். நீர் முந்தானையால் வெயிலை மறைத்தபடி நின்றீர். கடைசியில் வயதான ஒருவர் வந்து, பிள்ளையின் தொண்டை கிழிவதைக் கேட்டு, கடுதாசியைத் திருப்பித் தந்து போகச் சொன்னார். கடைசி ஆட்களாக ஏறினோம்.

பால் குடித்துப் பிள்ளை உறங்கிய பிறகுதான் வாய் திறந்தீர்.

“ஓம் எண்டு ஒரு சொல்லோடை முடிஞ்சிருக்கும். கேக்கிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லுறியள்.”

“உள்ளதைத்தானே சொன்னனான்?”

“உள்ளது எது எண்டு உங்களுக்கு இன்னும் தெரியேல்லை” என்றீர். எனக்குக் கோபம் வந்தது. சுன்னாகத்தில் இறங்கும்வரை உம்மோடு கதைக்கவில்லை.

சண்டிலிப்பாய் வந்து சேர்ந்த அன்றே நீர் உள்ளறையை ஒதுக்கி, வாசலில் வேப்பிலை செருகினீர். பிள்ளை பெற்றவள் இருக்கிற மாதிரியே இருந்தீர். கிணற்றடிக்குப் போவதில்லை, சாமி அறைப் பக்கம் போவதில்லை. நீரே காயம் வறுத்து அரைத்துச் சோற்றோடு குழைத்துச் சாப்பிட்டீர். ஊரில் சிரித்தார்கள். “பெறாதவளுக்குப் பத்தியமாம்” என்ற கதை சங்கக்கடைக்கே வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. “உமக்கேன் இந்தக் காயம்? நோவோ, காய்ச்சலோ?” என்று ஒருநாள் கேட்டேன். நீர் அடுத்த கவளத்தை வாயில் வைத்தீர்.

அடுத்த கிழமை கோயில் கொடியேறியது. ஐந்தாம் திருவிழா எங்கள் குடும்பத்து உபயம். அப்பாவுக்குப் பிறகு அண்ணையும் நானும். விரலில் தர்ப்பை போட்டுப் பூசைக்கு நிற்பது ஒரு வருஷம் அவர், ஒரு வருஷம் நான். அந்த வருஷம் என் முறை. பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, அதுதான் துடக்கு. அண்ணை வந்து படலையடியில் நின்று ஒரே பேச்சில் தீர்த்துவிட்டார்.

“ஐயரைக் கேட்டுப் போட்டன். இரத்த உரித்து இல்லாத இடத்திலை துடக்கு இல்லையாம். நீ வந்து தர்ப்பையைப் போடு.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உமக்கு ஒருநாளும் சொல்லவில்லை. துடக்கு இல்லை என்றதில் எனக்கு உண்மையாகவே நிம்மதி.

ஐந்தாம் திருவிழாவன்று காலை ஆறு மணிக்குக் குளித்துத் தோய்ந்து, பட்டு வேட்டி கட்டி வெளிக்கிட்டேன். பிள்ளைக்கு அன்று பத்தொன்பதாம் நாள். அறை வாசலில் நீர் நின்றீர். பார்த்தீர். கோயிலில் தர்ப்பை போட்டு, கோத்திரம் சொல்லிச் சங்கற்பம் செய்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்து, உபயகாரருக்குரிய காளாஞ்சித் தட்டை என் கையில் தந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஒரு மணிபோல வீட்டுக்கு வந்தேன். பிள்ளையின் நெற்றியில் பூசவென்று விபூதியோடு அறைக்குள் கால் வைக்கப் போனேன். நீர் வாசலை மறித்தீர்.

“துடக்கு வீட்டுக்குள்ளை கோயில் விபூதி கொண்டு வராதேங்கோ.”

“எங்களுக்கு ஏதப்பா துடக்கு? ஐயரே இல்லை எண்டு சொல்லிப் போட்டார்.”

“அப்ப இது ஆற்றை பிள்ளை?”

நான் விபூதிக் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

“ரெயிலுக்கை ஒரு அம்மாவுக்குச் சொன்னியள். ஆமிக்காரனுக்குச் சொன்னியள். அது போகட்டும் எண்டு விட்டன். இண்டைக்கு ஊரைக் கூட்டி வைச்சு, கடவுளுக்கு முன்னாலை நிண்டு, இது என்ரை பிள்ளை இல்லை எண்டு சொல்லிப் போட்டு வாறியள். இனி இந்தப் பிள்ளையை ஆர் எங்கடை எண்டு சொல்லுவினம்?”

கதவைச் சாத்தினீர். உள்ளே நீர் அழுதது கேட்டது. மலைநாட்டில் அழவில்லை, ஆனையிறவில் அழவில்லை. பதினொரு வருஷத்தில் மாதாமாதம் அழுததுகூட எனக்குக் கேட்காமல்தான். அன்று சத்தமாக அழுதீர்.

முற்றத்தில் நடந்தேன். பட்டு வேட்டி காலைத் தட்டியது. கிணற்றடிக்குப் போனேன், வந்தேன். பிள்ளை அழுதது, அடுப்படிக்கு ஓடிப் பால் கரைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை வந்து போத்தலை வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டது. அந்த ஒரு சாண் இடைவெளியால் பிள்ளையின் கால் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளை எடுத்தேன்.

மூன்று மணிக்குக் கோயிலில் பின்னேரத் திருவிழாவுக்குச் சுவாமிக்குச் சாத்துப்படி அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. வெளி வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

“எனக்குத் துடக்கு! துடக்கோடை காலமை உள்ளுக்கை வந்திட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ!”

அண்ணை ஓடி வந்தார். “உனக்கென்ன விசரோடா? அதுதான் இல்லை எண்டு சொன்னனே!”

கோயில் தர்மகர்த்தா பின்னால் வந்தார். “தெரிஞ்சுகொண்டோ உள்ளை வந்தனீர்?”

“இல்லை. எனக்குப் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். இண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.”

யாரோ சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. கோயில் முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஐயர் மறுபடி பூசை செய்து, எங்கள் உபயத்துச் சுவாமி அன்று பிந்தித்தான் வெளிவீதி வந்ததாம். எனக்குத் தெரியாது, நான் அங்கே நிற்கவில்லை. அண்ணை என்னோடு ஆறு வருஷம் கதைக்கவில்லை. தர்ப்பை போடும் முறையும் அதோடு போனது.

திரும்பி வந்து அறைக் கதவுக்கு வெளியே நின்றேன்.

“என்ன, கெதியாய் வந்திட்டியள்?” என்று உள்ளிருந்து கேட்டீர்.

“கோயிலிலை நிக்கக் கூடாதாம். எனக்குத் துடக்கு எண்டு சொல்லிப் போட்டு வந்திட்டன்.”

பிறகு கதவு திறந்தது. “அப்ப கை காலைக் கழுவிப் போட்டு உள்ளை வாங்கோ” என்றீர்.

அன்றுதான் மகளைத் தூக்கினேன். அதுவரை தொடவே இல்லை. கழுத்து நிற்காத பிள்ளை, பயம் என்று சாட்டுச் சொல்லி வந்தேன். பயம் வேறு. அந்தத் தாய் ஒருநாள் படலையில் வந்து நின்று கேட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அவள் வரவேயில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்டுத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று குடும்பங்களோடு படுத்திருந்தபோது, மழை பெய்த ஒரு பகலில், பதினொரு வயது மகளை மடியில் சாய்த்து வைத்து நீரே எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னீர். மலைநாட்டை, அந்தத் தாயின் வார்த்தையை, ரெயிலை. நான் பக்கத்தில் இருந்தேன். கோயில் கதை வந்ததும், “உன்ரை கொப்பர் கோயில் வாசலிலை நிண்டு, எனக்குத் துடக்கு எண்டு ஊருக்கே கத்திச் சொன்னவர்” என்று சொன்னீர். அதற்கு முந்தின காலையைச் சொல்லவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீரும் கண்டீர்.

இப்போது அவளுக்கு நாற்பது வயது. தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்கிறாள். போன கிழமையும் தொலைபேசியில் பெரியவன், “அம்மப்பா, நீங்கள் கோயிலிலை கத்தினது உண்மையோ?” என்று கேட்டான். “ஓம்” என்றேன். ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ள இப்போது எனக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியை வைத்துவிட்டு அன்று முழுக்க நடந்து திரிந்தேன். அந்தக் காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை அவளுக்கு அப்பா இல்லை. அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன்.