என் வகுப்பை நானே பார்த்த கதை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உடம்பு தேவலையா? தேவலையாத்தான் இருக்கும். இருமல் நின்னுடுச்சா? நின்னிருக்கும். நான் சௌக்கியம், ஆனா கோபம்தான் அடங்க மாட்டேங்குது.

எங்க தலைமையாசிரியை என்ன சொன்னாங்க தெரியுமா? நான் பாடம் நடத்துறதை போன்ல படம் பிடிச்சு, நானே உட்கார்ந்து பார்க்கணுமாம்! இத்தனை வருஷமா கணக்குச் சொல்லித்தர்றவளுக்கு இது என்ன தண்டனை? குறை ஒண்ணும் இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லணும்னுதான் ரூம் கதவைச் சாத்திட்டுப் பார்த்தேன்.

பார்த்தா இன்னும் ஆத்திரம். "பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாத் திருப்புறோம்?"னு கேட்கிறேன். யாரும் வாயைத் திறக்குறதுக்குள்ள பதிலையும் நானே சொல்லிட்டுப் போர்டு பக்கம் திரும்பிடறேன். ஜன்னலோரத்துப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் கையைப் பாதி தூக்கி இறக்கிடறா. அடிப்பாவி, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? கொடுக்க நான் எங்கே விட்டேன்!

மறுநாள் கேள்வி கேட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். உயிரே போச்சு. கடைசியில அவ எழுந்து, "போன வாரத்துல இருந்தே புரியலை டீச்சர்"ங்கறா. போன வாரமே!

போர்டு துடைக்க உங்க பழைய சட்டை ஒண்ணு அனுப்புங்க. கிழிக்க வேண்டாம், முழுசாவே அனுப்புங்க. பஸ் வந்துடும், முடிச்சுக்கறேன்.

உங்க வாத்தியாரம்மா

பின்குறிப்பு: இப்பத்தான் மேலே படிச்சுப் பார்த்தேன். முதல் வரியிலேயே அதே லட்சணம். அந்தப் பதிலையெல்லாம் நீங்களே அடிச்சுடுங்க. இருமல் எப்படி இருக்கு?