பன்னிரண்டு மைக்ரான்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பாதிதான் உண்மை. நீ எப்படி இருக்கிறாய், மலைமேல் குளிர் தாங்குகிறதா, விடிய விடியத் தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே. உன் சித்தப்பா புது வண்டி வாங்கி ஒரே வாரத்தில் சுவரில் இடித்துவிட்டான், அது கிடக்கட்டும், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் வலது கருவிழி மெலிந்துகொண்டே போவது உனக்குத் தெரியும். முதலில் அளந்தபோது நானூற்று அறுபது மைக்ரான், போன மாதம் நானூற்றுப் பன்னிரண்டு. நீ இரண்டையும் ஒளியாண்டுக்கு மாற்றி, ரெண்டுமே பத்தின் மைனஸ் இருபதாம் அடுக்குதாம்மா, எல்லாம் ஒண்ணுதான், நான் லீவுக்கு வந்ததும் பாத்துக்கலாம் என்று போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாயாம். கணக்கில் தப்பில்லை, மைக்ரானைப் பத்து லட்சத்தால் வகுத்து மீட்டராக்கி, ஒளியாண்டுக்கு ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர் வைத்து நானும் போட்டுப் பார்த்தேன், நீ சொன்ன அடுக்கேதான் வருகிறது. உங்கள் வேலையில் அடுக்கு சரியாக இருந்தால் போதும், ஒரு நட்சத்திரம் இரண்டு மடங்கு தள்ளி இருந்தாலும் யாரும் அழப்போவதில்லை. எங்கள் ஆலையில், என் அளவை அறையில், ஒரு பேரிங் ஐந்து மைக்ரான் தப்பினால் குப்பைத்தொட்டிக்குப் போகும். மேலும் மெலியாமல் கருவிழியை இறுக்கும் இந்தச் சிகிச்சைக்கு நானூறு மைக்ரானாவது வேண்டும், அதற்குக் கீழே போனால் தொடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் பன்னிரண்டு மைக்ரான், அதுவும் போன மாதக் கணக்கு.

புதன்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், உன் அம்மா வரமாட்டேன் என்கிறாள். நாற்பது வயதுகூட ஆகாதவள், பஸ் நம்பர் படிக்க ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறாள், தையல் கடையில் காஜா எடுக்கும் வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டாள். சத்தம் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரத்தையே அளக்கறவ சொல்லிட்டா, நீங்க உருளையை அளக்கறவர், சும்மா இருங்க என்கிறாள். நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "கட்டைப் பிரிக்கறப்ப மொதல்ல அவ மொகத்தப் பாக்கணுங்க. அதுக்காகத்தான் தள்ளிப் போடறேன்."

உன்மேல் கோபம் இல்லை, தைரியம் சொல்லத்தான் சொன்னாய். பரீட்சையை விட்டுவிட்டுக் கிளம்பி வராதே. இதைப் படித்ததும் அவளுக்குப் போன் போடு, ஒளியாண்டை மூட்டைகட்டி வைத்துவிட்டு மைக்ரானில் பேசு, நான் சொன்னது தப்பு, புதன்கிழமை போயிட்டு வா என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அது புருஷன் நச்சரிப்பு, நீ சொன்னால்தான் அவளுக்குக் கணக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகப் படி, ஒரு குறையும் இல்லாமல் இரு. செவ்வாய்க்குள் பேசிவிடு. உன் முகத்துக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள், நீ வரும்போது அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

உன்
அப்பா