குளத்துச் செடிக்கு எந்தக் குடும்பம்?

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகம்தானே? உங்களுக்கு ஒரு நாத்தனார் இருப்பது நினைவிருக்கிறதா? நாலு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

என் தாவர நூலில் ஒரு குளத்துச் செடி மட்டும் குடும்பம் தெரியாமல் நிற்கிறது. இதுவரை யாரும் பெயர்கூட வைக்காத செடி. இதழ், தண்டு, இலை எல்லாம் நீர்க்கிராம்புக் குடும்பம் என்கின்றன. எங்கள் தாவர ஆய்வு நிலைய இயக்குநரோ, "பூவைப் பார்த்து ஏமாறாதீங்க, சூலை வெட்டிப் பாத்தாச்சா?" என்கிறார். சூலை வெட்டிப் பார்ப்பதுதான் உங்கள் தொழிலாயிற்றே, ஆல்கஹாலில் போட்ட மொட்டுகளும் தொட்டியில் ஒரு செடியும் அனுப்புகிறேன். ஏழு வருட உழைப்பு இந்த ஒரு பக்கத்துக்காகக் காத்திருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

மார்ச் 19

அன்பு வாயாடிக்கு,

கை தேயவில்லை, மெழுகு ஒட்டியிருக்கிறது. உன் மொட்டுகளை மெழுகில் பதித்து, சன்னமாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தேன். உன் இயக்குநருக்காக விளக்கமாகவே எழுதுகிறேன். சூலுக்குள் கரு உருவாகும் பையில், பெரும்பாலான பூக்களுக்கு எட்டு உட்கருக்கள் இருக்கும். நீர்க்கிராம்புக் குடும்பத்துக்கு நான்குதான். உன் செடியிலும் நான்கு.

"அவ கண்ணு தப்புமா?" என்று உன் அண்ணன் வீடு முழுக்கப் பெருமையடிக்கிறார்.

அண்ணி

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வயிற்றில் பாலை வார்த்தீர்கள். நேற்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நன்றியுரையில் முதல் பெயர் உங்களுடையது. வேண்டாம் என்று எழுதினாலும் கேட்க மாட்டேன்.

நாத்தனார்

ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

தொட்டிச் செடி இங்கே பூத்தது. எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கும் ஆசையில் மலர்ந்த பூவையும் வெட்டினேன். எட்டு. மறுபடி வெட்டினேன், மறுபடியும் எட்டு.

நான் முதலில் பார்த்தது இளம் மொட்டு. எட்டாகும் வழியில் எல்லாப் பைகளும் நான்கில் ஒருமுறை நிற்கும். அப்போது இரண்டு மேலே, இரண்டு கீழே இருக்கும். நீர்க்கிராம்பில் நான்கும் மேலேதான். அன்றைக்கும் இரண்டு கீழே கிடந்ததைப் பார்த்தேன். சீவல் சாய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கு ஆமாம் சொல்ல அவ்வளவு ஆசை.

"இப்பவே எழுதிடு. நாளைக்குன்னா உனக்கு மனசு வராது," என்றார் உன் அண்ணன். அதனால் எழுதுகிறேன். என்னை மன்னிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை நிறுத்திவிடு.

அண்ணி

ஏப்ரல் 20

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை நிறுத்த இரண்டு நாள் அச்சகத்துக்கு அலைந்தேன். அங்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். புத்தகம் அடுத்த வருடம்தான்.

மூன்றாம் நாள் குளத்துக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். இது நீர்க்கிராம்பு இல்லையென்றால் வேறென்ன என்று கேட்டபடி கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் செடி நாம் அறிந்த எந்தக் குடும்பத்தோடும் ஒட்டவில்லை. இளங்காய், முற்றிய காய், விதை எல்லாம் பறித்து வைத்திருக்கிறேன். கரு எப்படி வளர்கிறதென்று முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும், இந்த முறை இரண்டு பேர் கண்ணாலும்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சன்னமாகச் சீவும் அந்த மைக்ரோடோம் கத்தியைத் தீட்டி வையுங்கள். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், முதல் ஸ்லைடைப் பார்த்து முடிக்கும்வரை என்னோடு பேச வேண்டாம்.

நாத்தனார்